ட்ரையரில் உடுப்பு காய மூன்று மணித்தியாலம் எடுத்தால்

கல்லடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணன் பாவித்த ட்ரையர் ஒன்றைச் சாமான்களோடு கப்பலில் போட்டு அனுப்பியிருக்கிறார். மழை பிடித்ததிலிருந்து பின்னறையில் வைத்து ஓட்டுகிறார்கள். பின்பக்கக் குழாயை யன்னலால் வெளியே விட்டு, பல்லியும் நுளம்பும் உள்ளே வராமல் குழாய் வாயில் நுளம்பு வலை கட்டியிருக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்த துவாய்களுக்கு இப்போது மூன்று மணித்தியாலம் போகிறதாம். மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை, இடையிடையே கருகின மணம் வருகிறது, அறைச் சுவரில் பூஞ்சணம். இரவில் போட்டுவிட்டுப் படுப்பதும் வழக்கமாம். "வைத்திருக்கலாமா, விற்றுவிடுவதா?" என்பதுதான் கேள்வி.

விற்க வேண்டாம். ஆனால் இன்றைக்கு ஓட்டவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, வெளியே போய் முதல் வேலையாக அந்த நுளம்பு வலையை அவிழ்த்துப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேதான் இருக்கும்.

நான் டோஹாவில் ஹோட்டல் லோண்டரிகளில் மெஷின் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகு மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் வீட்டு மெஷின்கள் திருத்துகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "தம்பி, ஹீட்டர் பழுது போல கிடக்கு, எவ்வளவு நேரம் ஓடினாலும் உடுப்பு ஈரம்தான்" என்றார். ஹீட்டரை அளந்தேன், ஒரு குறையும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனால் குழாய் வாயில் இதே மாதிரி வலை. அதன் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படை, கம்பளித் துண்டு போல, விரல் தடிப்பில். விரலை விட்டுக் கிழித்ததும் உள்ளே அடைந்து கிடந்த சூடு முகத்தில் அடித்தது. காய்ந்த பக்கத்தில் ஒரு கொத்தை உரித்து, வளவில் ஒரு கல்லின் மேல் வைத்து நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டினேன். பக்கென்று பிடித்து, மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "உந்த மெஷினைத் தூக்கி வெளியில போடுங்க" என்று உள்ளே போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்தத்தான் அன்றைக்கு எனக்குக் கூடுதல் நேரம் எடுத்தது.

ட்ரையர் என்பது அடிப்படையில் ஒரு ஹீட்டர், ஒரு காற்றாடி, சுற்றுகிற ஒரு பெரிய டிரம். அறைக் காற்றை இழுத்துச் சூடாக்கி, உடுப்புக்கு நடுவால் விட்டு, ஈரத்தோடு வெளியே தள்ளுகிறது. மார்கழி மழையில் வெளியே காற்றே நனைந்து கிடக்கும்போது இது எப்படிக் காய வைக்கிறது என்று பலர் கேட்பார்கள். 25 பாகை வெப்பத்தில் 90 வீத ஈரப்பதன் உள்ள காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 15 வீதத்துக்கு இறங்கிவிடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கொடியில் போட்ட சாரன் ஒரு மணித்தியாலத்தில் மொறுமொறுவென்று காய்கிறதே, கிட்டத்தட்ட அந்தக் காற்றைத்தான் மெஷின் டிரம்முக்குள் உண்டாக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. காற்று ஓடும்வரை ஹீட்டரின் சூட்டை அது அள்ளிக்கொண்டு போகும். பாதை அடைத்தால் சூடு ஹீட்டரைச் சுற்றியே நிற்கும், ஈரம் டிரம்முக்குள்ளேயே நிற்கும், பஞ்சும் போக இடமில்லாமல் உள்ளே படியும். உடுப்பு காயத் தாமதம், மேல்தகடு சுடுவது, கருகின மணம் என்று தங்கச்சி சொன்ன குறைகளும், கரண்ட் பில் ஏறுவதும் பெரும்பாலும் இந்த ஒரே அடைப்பிலிருந்து வருபவை. ஆகவே காய எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். நான் போகிற வீடுகளில் மெஷின் மேல் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டச் சொல்வேன். ஐந்து துவாய், இன்ன திகதி, இத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே ஐந்து துவாயைப் போட்டுப் பாருங்கள். நேரம் கூடிக்கொண்டு போனால் எங்கோ பஞ்சு அடைக்கிறது.

பஞ்சு எங்கிருந்து வருகிறது என்றால், உங்கள் உடுப்பிலிருந்துதான். பருத்தி நூல் சுற்றிச் சுற்றி உரசும்போது உதிர்கிற மயிர். துவாயும் புதுச் சாரனும் அதிகம் உதிர்க்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரனை முதல் நாலைந்து முறை ட்ரையரில் போட்டால் வடியில் (பஞ்சைப் பிடிக்கிற வலைத்தட்டில்) அந்தச் சாரனின் நிறத்திலேயே ஒரு படலம் கிடக்கும். (கைத்தறியைப் போடாமல் விடுவதே நல்லது. பருத்தி சுருங்கும், கரையும் கோணிக்கொள்ளும்.)

கதவடியில் இழுத்தெடுக்கிற அந்த வடியை ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் துடைக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்பது காணாது. பஞ்சை விரலால் உருட்டி எடுத்தால் போய்விடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அந்த வலையில் படியும். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் கழுவும்போது ஊற்றுகிறோமே ஒரு திரவம், அதன் மெழுகுத்தன்மை வலையின் கண்களை மூடிவிடும். வடியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் உடனே கீழே இறங்கினால் சரி. தட்டில் நிற்பது போலத் தேங்கி நின்றால், சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். வடி கிழிந்திருந்தாலோ தொலைந்திருந்தாலோ மெஷினை ஓட்ட வேண்டாம். "ஒரு நாளைக்குத்தானே" என்று வடி இல்லாமல் ஓட்டிய ஒரு வீட்டில், காற்றாடிக்குள் குழந்தையின் காலுறை ஒன்றை நான் எடுத்திருக்கிறேன்.

அடுத்தது குழாய். பின்னால் மடிப்பு மடிப்பாக ஒரு பிளாஸ்டிக் குழாயோ மெல்லிய வெள்ளித்தாள் குழாயோ இருக்கும். இழுக்க வசதி என்பதற்காக அதைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அதன் ஒவ்வொரு மடிப்பும் பஞ்சுக்கு ஒரு திண்ணை. மெஷினைச் சுவரோடு தள்ளும்போது குழாய் நசுங்கினால் பாதை பாதியாகிவிடும். உட்புறம் வழவழப்பான உலோகக் குழாய்தான் நல்லது. 4 அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர் விட்டம். தகர வேலை செய்பவரிடம் சொன்னால் வளைத்துத் தருவார். எவ்வளவு நேராக, எவ்வளவு கட்டையாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. பொருத்துக்களில் உள்ளே துருத்துகிற திருகாணி வேண்டாம், பஞ்சு அதில்தான் முதலில் தொங்கும். அலுமினிய ஒட்டுத்தாளால் சுற்றினால் போதும். வெளிவாயில் வலைக்குப் பதிலாக, காற்று வரும்போது திறந்து, காற்று நின்றதும் மூடுகிற தகட்டு மூடி போடுங்கள். பல்லியும் வராது, குளவியும் கூடு கட்டாது. மெஷின் ஓடும்போது வெளியே போய் அந்த மூடியைப் பாருங்கள். நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா நடுங்கிக்கொண்டிருந்தால் பாதை அடைத்திருக்கிறது. குழாயைக் கழற்றித் துடைக்கும் வேலை வருடத்துக்கு இரண்டு முறையாவது இருக்கட்டும்.

சுவர்ப் பூஞ்சணத்துக்கும் காரணம் இதுதான். ஐந்து கிலோ உடுப்பு வொஷிங் மெஷினில் 1000 சுற்றில் பிழிந்து வெளியே வரும்போது அதில் ஏறத்தாழ மூன்று லீட்டர் தண்ணீர் இருக்கும். அவ்வளவும் ஆவியாகிப் போக வேண்டும். வெளியே போக வழியில்லாவிட்டால் உங்கள் சுவருக்குத்தான் போகும். பிறகு மெஷின் அந்த ஈரக் காற்றையே திரும்ப இழுக்கும். இன்னொரு விடயம், மெஷின் வெளியே தள்ளுகிற அளவு காற்று அறைக்குள் வரவும் வேண்டும். கதவு, யன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஓட்டாதீர்கள். அறைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தால் காணும்.

கையால் கழுவித் தண்ணீர் சொட்டச் சொட்ட உடுப்பைப் போடும் வீடுகளும் உண்டு. வேண்டாம். ஹீட்டரால் சூடாக்குகிற மெஷினில் ஒரு லீட்டர் தண்ணீரை ஆவியாக்கக் குறைந்தது யுனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு கரண்ட் தேவை. பிழிவதற்கு அதில் ஒரு துளிதான் போகும். இரட்டைத் தொட்டி வொஷிங் மெஷின் இருந்தால் அதன் பிழியும் தொட்டியில் ஒருமுறை சுற்றிவிட்டுப் போடுங்கள்.

எல்லா ட்ரையருக்கும் குழாய் இல்லை. சிலவற்றில் ஈரக் காற்றை உள்ளேயே குளிர வைத்து, தண்ணீரை ஒரு தட்டிலோ தொட்டியிலோ சேர்ப்பார்கள். அந்தத் தொட்டியை ஒவ்வொரு முறையும் ஊற்ற வேண்டும். கீழே சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் குளிராக்கிப் பெட்டியை வெளியே இழுக்கக்கூடிய மாதிரி என்றால், மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரில் அலசிக் காயவிட்டுப் போடலாம். ஹீட் பம்ப் மாதிரி அதைவிடப் புதியது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பது போல ஒரு கம்பிரசரும் வாயுவும் அதில் இருக்கும். மற்றவை 2000 முதல் 2500 வொட் இழுக்கும் இடத்தில் இது 1000 வொட்டுக்குள் நின்றுவிடும், சூடும் குறைவு, நேரம் மட்டும் கூட எடுக்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் மின்கட்டணம் யுனிட் கூடக்கூட விலையும் ஏறுகிற முறை, மழைக்கால இரண்டு மாதத்தில் வித்தியாசம் பில்லில் தெரியும். ஒரு எச்சரிக்கை: இவற்றில் பலவற்றின் வாயு ஆர் 290, அதாவது புரொப்பேன். எரியும். ஏசி திருத்துகிற தம்பியைக் கூப்பிட்டு "கேஸ் அடிக்கலாமா" என்று கேட்கிற வேலை வேண்டாம். அதற்கென்று பழகியவர் தேவை.

இனி கரண்ட். தங்கச்சியின் மெஷின் 2500 வொட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்டில் 11 அம்பியர் அளவு இழுக்கும், அதுவும் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து. கேத்தலும் அதே அளவு இழுக்கும்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். சதுரக் கால் 13 அம்பியர் பிளக்குக்கு இது எல்லைக்குப் பக்கத்தில் உள்ள பாரம். அதனால் எக்ஸ்டென்ஷன் வயரில் போடக்கூடாது, மல்டி பிளக்கில் போடக்கூடாது, பழைய உருண்டைக் கால் பிளக் பேஸுக்கு அடப்டர் வைத்துக் கொழுவக்கூடாது. ஓடி அரை மணித்தியாலம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை எடுக்க வைக்கிற சூடு என்றால், அல்லது பிளக் பேஸின் வாயில் மண்ணிறக் கறை இருந்தால், உள்ளே தொடுப்புத் தளர்ந்திருக்கிறது. பேஸையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதைக் கெடுக்கும். கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கிற இடத்தில் உப்புக்காற்று பிளக்கின் பித்தளைக் கால்களில் பச்சை பிடிக்க வைக்கும். அதுவும் இதே சூட்டில்தான் போய் முடியும்.

என் விருப்பம், வீட்டின் பிரேக்கர்கள் இருக்கிற டீபீ பெட்டியிலிருந்து ட்ரையருக்கென்று தனி லைன். 7/0.67 வயர் (0.67 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு கம்பி), தனி பிரேக்கர், சரியான எர்த். லைட்டுக்கு இழுத்த 1/1.13 ஒற்றைக் கம்பி வயரிலிருந்து ஒட்டி எடுத்த பிளக் பேஸ்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அது சுவரில் தொங்குகிற அலங்காரம் மட்டும்தான். மெஷின் ஓடும்போது அடிக்கடி ட்ரிப் விழுந்தால் "சுவிட்ச் பழுது" என்று சொல்லி அதைக் கழற்றிவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் தன் வேலையைச் செய்கிறது, மெஷினைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும்போது பின்தகட்டை ஒருமுறை வாசிக்க வேண்டும். லண்டன் மெஷின் எங்கள் கரண்டுக்குப் பொருந்தும். கனடாவிலிருந்து வருவது பொருந்தாது. அங்கே 60 ஹேர்ட்ஸ், ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டருக்கு 120 வோல்ட் என்று இரண்டு விதமாகப் பிரித்து எடுக்கிற நாலு கால் பிளக். இங்கே ஒருவர் வெட்டி ஒட்டி ஓட வைத்தாலும், 50 ஹேர்ட்ஸில் மோட்டர் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். காற்றாடி மெதுவானால் காற்றுக் குறையும், சூடு கூடும். சவூதியிலும் 60 ஹேர்ட்ஸ்தான். அங்கிருந்து கொண்டுவருகிறவர்கள் தகட்டில் 50/60 என்று இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

லண்டன் மெஷின் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு 18 மாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. 7ஆம் மாடியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ட்ரையரில் தொடங்கிய தீ அது. பஞ்சு ஹீட்டரில் படக்கூடிய ஒரு குறை அந்த வகை மெஷின்களில் இருப்பதாக அதற்கு முந்தைய வருடமே அறிவித்திருந்தார்கள். பல இலட்சம் மெஷின்களில் அந்தக் குறை இருந்தது. 2004க்கும் 2015க்கும் இடையில் செய்தவை. திருத்தியவை உண்டு, திரும்ப எடுத்தவை உண்டு, யாருடைய கண்ணிலும் படாமல் கை மாறியவையும் இருக்கும். ஆகவே கதவின் உட்பக்க விளிம்பில் ஒட்டியிருக்கிற மாடல் இலக்கத்தையும் தொடர் இலக்கத்தையும் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கள். மெஷினைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் அடித்துப் பார்க்க அவருக்கு இரண்டு நிமிடம் போகாது. பட்டியலில் இருந்தால் மட்டும் நான் மேலே சொன்ன "விற்க வேண்டாம்" செல்லாது. அப்போது விற்கவும் கூடாது, பாவிக்கவும் கூடாது.

அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையான கணக்கைத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்டது. வருடத்துக்கு ஏறத்தாழ 2,900 ட்ரையர் தீ. அவற்றில் 34 வீதத்துக்குச் சொன்ன காரணம், துப்புரவு செய்யாமல் விட்டது. வேறெந்தக் காரணமும் அவ்வளவு இல்லை.

திருத்துகிறவர்கள் செய்கிற ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் சூட்டு ஃபியூஸ் ஒன்று இருக்கும். சூடு அளவு மீறினால் ஒரேயடியாகத் துண்டித்துக்கொள்ளும், திரும்ப ஒட்டாது. அது போனால் மெஷின் சுற்றும், சூடு வராது. அல்லது ஒன்றுமே ஓடாது. அந்த ஃபியூஸ் உடனே கிடைக்காது என்பதற்காக வயரை முறுக்கி "டிரெக்ட்" பண்ணிக் கொடுப்பார்கள். வீட்டுக்காரருக்கும் சந்தோசம், முன்னூறு ரூபாயில் மெஷின் ஓடுகிறதே என்று. என் சொந்த மச்சான் வீட்டிலேயே யாரோ இப்படிச் செய்துவிட்டுப் போயிருந்தார். ஃபியூஸ் ஏன் போனது என்று அவர் பார்க்கவில்லை. குழாய் முழுக்கப் பஞ்சு. மெஷின் திருத்தி வந்ததும் "டிரெக்ட் பண்ணினீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். பழைய ஃபியூஸைக் கையில் தரச் சொல்லுங்கள்.

சரி, இனி எண்ணெய். இதை நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். நான் வேலை செய்த ஒரு ஹோட்டலில் மசாஜ் அறைத் துவாய்களைக் கழுவி, ட்ரையரில் காய வைத்து, சூட்டோடு மடித்து, தள்ளுவண்டியில் நெஞ்சளவு உயரத்துக்கு அடுக்கி ஒரு மூலையில் விட்டிருந்தார்கள். மெஷின் எல்லாம் நிறுத்தி இரண்டு மணித்தியாலம் ஆகியிருக்கும். இரவு வேலைக்கு நின்ற எனக்கு எண்ணெய் காய்கிற ஒரு மணம் வந்தது, பலகாரம் சுடுகிற மாதிரி. தேடிப் போனால் அந்த அடுக்கின் நடுவிலிருந்து மெல்லிய புகை. மேல் துவாய்கள் வெள்ளை வெளேர் என்று இருந்தன. இரண்டு கையாலும் அள்ளி நிலத்தில் பரப்பியபோது நடுவில் இருந்தவை தேத்தண்ணிச் சாயம் போல, அதற்கும் உள்ளே இருந்தவை கறுப்பு. யாரும் நெருப்பு வைக்கவில்லை.

எண்ணெய் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேரும்போது சிறிது சூடு பிறக்கும். கொடியில் பரந்து கிடந்தால் அந்தச் சூடு பறந்துவிடும். ஏற்கெனவே சூடான துணியை மடித்து அடுக்கினால் நடுவில் பிறக்கிற சூட்டுக்குப் போக வழியில்லை. சூடு கூடக்கூட ஒட்சிசனோடு சேர்வதும் வேகமாகும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவற்றுக்கு இந்தக் குணம் அதிகம், பெயின்ட் வேலைக்குப் பாவிக்கும் ஆளி விதை எண்ணெய்க்கு எல்லாவற்றையும்விட அதிகம். தேங்காய் எண்ணெய்க்குக் குறைவு, ஆனால் அதை நம்பி விளையாட வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுகிய தலை துடைத்த துவாய், பிள்ளைக்கு எண்ணெய் பூசிக் கிடத்திய துணி, குத்துவிளக்குத் துடைத்த துணி, குசினியில் கைபிடித் துணி, இவை எதுவும் ட்ரையருக்குள் போகக் கூடாது. பச்சைத் தண்ணீரில் ஒருமுறை கழுவினால் எண்ணெய் போகாது. சூடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் இரண்டு முறை கழுவி, மழை என்றாலும் தாழ்வாரத்துக் கொடியில் போடுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் பட்ட உடுப்பும் அப்படித்தான். வாழைச்சேனையில் ஒரு வீட்டில், படகு எஞ்சின் மணத்தோடு ஒரு கழிசானை அம்மா மெஷினுக்குள் போடப் போனபோது நான் நல்லவேளையாக அங்கே நின்றேன்.

ரப்பரும் ஸ்பொஞ்சும் போடக்கூடாது. பிள்ளையின் ரப்பர் சீட், வழுக்காத கால்மிதி, மழைச்சட்டை, தலையணை எல்லாம் இதற்குள் வரும். ஸ்பொஞ்ச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளுக்குள் கருகும். பட்டு, சரிகை வேண்டாம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காத்தான்குடி வாடிக்கையாளர்கள் அபாயாவைப் பற்றிக் கேட்பார்கள்: பெரும்பாலும் பொலியெஸ்டர்தான், குறைந்த சூட்டில் இருபது நிமிடம் போதும், கூட விட்டால் மினுமினுப்பும் சுருக்கமும் வரும். வயலால் வந்த உடுப்பை உதறிவிட்டுப் போடுங்கள். சட்டைப்பையில் லைட்டர் கிடக்கிறதா என்று எப்போதும் கை விட்டுப் பாருங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் காற்றும் மழையும் என்றால் கரண்ட் போகும், ஆகவே இது முக்கியம். ட்ரையர் தன் ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடமளவு ஹீட்டரை நிறுத்திவிட்டு வெறும் காற்றை விட்டு உடுப்பைக் குளிர வைக்கும். நேரம் வீணாகிறது என்று அதை இடையில் நிறுத்தக் கூடாது. கரண்ட் போனால் அது நடக்காமலே மெஷின் நின்றுவிடும், சுட்ட உடுப்பு டிரம்முக்குள் குவியலாகக் கிடக்கும். அந்த நேரம் கதவைத் திறந்து, உடுப்பை எல்லாம் எடுத்துக் கட்டிலிலோ கதிரையிலோ பரப்பிவிடுங்கள், சுவிட்சையும் நிறுத்துங்கள். ஓடி முடிந்த உடுப்பைக்கூட உடனே மடித்து அலுமாரியில் அடைக்காமல் கொஞ்சம் ஆறவிட்டு மடிப்பது நல்லது.

இதிலிருந்தே இரவுக் கேள்விக்கும் பதில் வந்துவிடும். படுக்கும்போது ஓட்ட வேண்டாம். வெளியே போகும்போதும் வேண்டாம். காலையில் பாடசாலைக்கு வெள்ளை யூனிஃபோம் வேண்டும் என்கிற அவசரம் புரிகிறது. பின்னேரம் ஆறு மணிக்குப் போட்டால் இரவுச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும், அடைப்பு எடுத்த பிறகு.

கருகின மணம் வந்தால் சுவிட்சை நிறுத்துங்கள். கதவிடுக்கால் புகை வந்தால் ட்ரையரின் கதவைத் திறக்க வேண்டாம், திறந்தால் உள்ளே கிடக்கிற தணலுக்கு நீங்களே காற்று ஊதிக் கொடுக்கிறீர்கள். கை எட்டினால் மெயினை விழுத்திவிட்டு, அறைக்கதவைச் சாத்தி, பிள்ளைகளோடு வெளியே வந்து 119க்கு எடுங்கள். மாநகரசபைத் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ட்ரையரின் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும், ஓடாத நேரம் சுவரில் சுவிட்ச் நிறுத்தியிருக்க வேண்டும். ஒளித்துப் பிடித்து விளையாடுகிற பிள்ளைக்கு அந்த டிரம் நல்ல குகை. உள்ளே இருந்து திறக்க வராத கதவுகளும் உண்டு. பூனைக்கும் அந்த இளஞ்சூடு பிடிக்கும், ஓட்டுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

வெள்ளம் வருகிற வளவு என்றால் மெஷினை ஓரடி உயரத்துக்குக் கல் கட்டி, ஆடாமல் மட்டம் பார்த்து வையுங்கள். 2024 நவம்பர் கடைசி வெள்ளத்துக்குப் பிறகு எனக்கு வந்த வேலைகளில் பாதி, தண்ணீர் வடிந்த மறுநாள் "ஓடுதா எண்டு பார்ப்பம்" என்று சுவிட்ச் போட்டுச் சுட்டுக்கொண்ட மோட்டர்கள். கழற்றிக் காயவைத்து, கரண்ட் கசிகிறதா என்று அளக்கிற மெகர் மீற்றர் போட்டுப் பார்த்திருந்தால் அதில் பல பிழைத்திருக்கும். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் மோட்டர்ச் சுருளுக்குள் ஈரம் இருக்கும்.

தைப்பொங்கல் கழிந்து மழை விட்டதும் மெஷினுக்கு வேலை குறையும். அப்போது பிளக்கைக் கழற்றிப் பின்தகட்டைத் திறந்து, ஹீட்டர்ப் பெட்டியைச் சுற்றியும் மோட்டரடியிலும் கிடக்கிற பஞ்சைப் பெயின்ட் பிரஷால் கூட்டி எடுக்க வேண்டும். ஊதுகிற மெஷின் வைத்து ஊதினால் பஞ்சு மோட்டருக்குள்தான் போகும். உறிஞ்சுகிறது இருந்தால் நல்லது. வயர்களை எலி கடித்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். டிரம்முக்குள் ஈரத்தை உணர்கிற இரண்டு உலோகப் பட்டைகள் இருந்தால் வினாகிரி தொட்ட துணியால் துடையுங்கள். அவற்றில் படலம் பிடித்தால் மெஷின் ஈரத்தைச் சரியாக அறியாமல் நேரங்கெட்ட நேரத்தில் நிறுத்தும்.

தங்கச்சி, இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். வலையை அவிழ்த்து எறியுங்கள். குழாயைக் கழற்றி இரண்டு பக்கத்தாலும் தட்டிப் பஞ்சை எடுங்கள். வடியைக் கழுவிக் காயவிடுங்கள். மாடல் இலக்கத்துக்கு அண்ணனிடமிருந்து நல்ல பதில் வந்ததும், பகலில், பக்கத்தில் இருந்துகொண்டு, பிழிந்த ஐந்து துவாயைப் போட்டு எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு மணித்தியாலம், கூடினால் எழுபது நிமிடத்துக்குள் காய்ந்து மணமும் வராவிட்டால் பிரச்சினை முடிந்தது. அதற்கு மேல் போனாலோ, கருகின மணம் இன்னும் இருந்தாலோ, பஞ்சு ஹீட்டர் வரைக்கும் போயிருக்கலாம். பின்தகட்டைக் கழற்ற ஆள் கூப்பிட வேண்டும், அதுவரை பிளக் வெளியே இருக்கட்டும்.